உறையிலிருந்து உருவும் நொடி

தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கர் அதை எப்போது கையில் எடுக்கலாம்?

2018 ஜூலை 19. ஃபுளோரிடா மாநிலம், கிளியர்வாட்டர் நகரில் ஒரு சிறிய கடையின் வாசல். மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் ஒரு கார் நிற்கிறது. உள்ளே ஓர் இளம்பெண்ணும் இரண்டு சின்னக் குழந்தைகளும். மைக்கேல் ட்ரேகா என்ற 47 வயதுக்காரர் காரைச் சுற்றிவந்து பார்க்கிறார். அனுமதி அட்டை இல்லாமல் இங்கே எப்படி நிறுத்தலாம் என்று அந்தப் பெண்ணிடம் சண்டைக்குப் போகிறார். குரல்கள் உயர்கின்றன. ஐந்து வயது மகனோடு கடைக்குள் இருந்த அவளுடைய துணைவர் மார்கீஸ் மெக்லாக்டன் வெளியே வருகிறார். ட்ரேகாவை இரண்டு கையாலும் ஓங்கித் தள்ளுகிறார். கீழே விழுந்த ட்ரேகா, உட்கார்ந்த நிலையிலேயே இடுப்பிலிருந்து கைத்துப்பாக்கியை எடுத்து நீட்டுகிறார். மெக்லாக்டன் பின்னால் நகர்கிறார். குண்டு பாய்கிறது. மார்பைப் பிடித்தபடி கடைக்குள் ஓடிய அவர் அங்கேயே சரிகிறார். அவருக்கு வயது 28.

கடையின் கண்காணிப்புக் கேமரா இத்தனையையும் பதிவு செய்திருந்தது. அந்தப் பதிவைப் பார்த்தவர்கள் அனைவரும் பேசியது சுட்ட கணத்தைப் பற்றித்தான். அதற்குச் சற்று முந்தைய கணத்தில்தான் விஷயம் இருக்கிறது என்பேன். துப்பாக்கி வெளியே வந்தது. எதிரில் நின்றவர் பின்வாங்கினார். எந்த வேலைக்காக அதை எடுத்தாரோ, அந்த வேலை அத்தோடு முடிந்துவிட்டது. தரையில் தள்ளப்பட்ட ஒருவர், அடுத்த அடி விழும் என்று அஞ்சி ஆயுதத்தை எடுத்தது சரியா தவறா என்று வாதிடலாம். இரண்டு பக்கமும் சொல்ல ஏதாவது இருக்கும். பின்வாங்கியவரைச் சுட்டதற்குச் சொல்ல எதுவுமில்லை.

அப்படியிருந்தும் ட்ரேகா அன்று கைதாகவில்லை. பினெல்லஸ் கவுன்ட்டியின் ஷெரிஃப் பாப் குவால்டியேரி, மாநிலச் சட்டம் தன் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று செய்தியாளர்களிடம் சொன்னார். அவர் குறிப்பிட்டது, ஃபுளோரிடா 2005-ல் இயற்றிய சட்டத்தை. சட்டப்படி இருக்க உரிமையுள்ள இடத்தில் நிற்கும் ஒருவர், தாக்கப்பட்டால் ஒதுங்கிப்போக வேண்டிய கடமை இல்லை. நின்ற இடத்திலேயே உயிர்பறிக்கும் பலத்தையும் பயன்படுத்தலாம் என்கிறது அது. ஊர் கொந்தளித்த பிறகு, ஆகஸ்டில் அரசு வழக்கறிஞர் வழக்குப் பதிந்தார். 2019 ஆகஸ்டில் ஜூரி, கொலை ஆகாத மரணக் குற்றத்துக்கு அவர் குற்றவாளி என்றது. அக்டோபரில் 20 ஆண்டுச் சிறைத் தண்டனை வந்தது.

ஒரு பார்க்கிங் இடத்துக்காக நடந்த வாய்த்தகராறு இது. ட்ரேகாவின் இடுப்பில் துப்பாக்கி இல்லாமல் இருந்திருந்தால், முழங்கையில் சிராய்ப்போடு வீட்டுக்குப் போயிருப்பார்.

எடுத்துச் செல்லும் உரிமை வேறு

அமெரிக்காவில் துப்பாக்கி என்றாலே பேச்சு உரிமையில் போய் நின்றுவிடுகிறது. வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-ல் ஹெல்லர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 ஜூனில் ப்ரூவன் வழக்கில், வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வதும் உரிமையே என்றது. இன்று 29 மாநிலங்களில், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள வயதுவந்தவர் தனி உரிமம் எதுவும் இல்லாமல் அதை ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லலாம்.

ஆனால் எடுத்துச் செல்லும் உரிமை, உருவும் உரிமையைக் கொஞ்சமும் கூட்டிக் கொடுப்பதில்லை. இடுப்பில் துப்பாக்கி உள்ளவருக்கும் வெறுங்கையோடு நடப்பவருக்கும் தற்காப்புச் சட்டம் ஒன்றுதான். மாநிலத்துக்கு மாநிலம் சொற்கள் மாறினாலும் அதன் நடுத்தண்டு பெரும்பாலும் மாறாது. உயிர்பறிக்கும் பலத்தைக் கையாள வேண்டுமென்றால் உயிருக்கோ உடலுக்கோ பெரும் ஆபத்து இந்தக் கணத்திலேயே இருக்க வேண்டும். நேற்று மிரட்டினான், நாளை வருவான் என்பதெல்லாம் போதாது. அந்த ஆபத்தை அவர் நம்பினால் மட்டும் போதாது, அதே நிலையில் இருக்கும் நிதானமான எவரும் நம்பக்கூடியதாக அது இருக்க வேண்டும். சண்டையைத் தொடங்கியவராக அவர் இருக்கக் கூடாது. கைகலப்புக்குக் கைகலப்பு அளவில்தான் பதில் இருக்க வேண்டும். நியூயார்க், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், மினசோட்டா போன்ற மாநிலங்களில், வீட்டுக்கு வெளியே பாதுகாப்பாக விலகிப் போக வழியிருந்தால் முதலில் விலக வேண்டும் என்ற கடமையும் சேரும்.

அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர்களிடையே மதிப்புப் பெற்ற பெயர் மசாத் ஆயூப். தற்காப்புச் சட்டம் பற்றி 1980-ல் அவர் எழுதிய நூல் இன்றும் வகுப்புகளில் பேசப்படுகிறது. அவர் வழியில் வந்த பயிற்சியாளர்கள் மாணவரிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை மூன்று: எதிராளிக்கு உன்னைக் கொல்லவோ முடமாக்கவோ ஆற்றல் இருக்கிறதா? அந்த ஆற்றலை இப்போதே செலுத்தும் தூரத்தில், தடையில்லாமல் இருக்கிறானா? அவன் செய்கையும் சொல்லும் அந்த நோக்கத்தைக் காட்டுகின்றனவா? மூன்றும் ஒரே நேரத்தில் கூடிவந்தால்தான் கை இடுப்புக்குப் போகலாம். தெருவின் அந்தப் பக்கம் நின்று கத்தியைக் காட்டிக் கத்துபவனிடம் ஆற்றல் இருக்கிறது, வாய்ப்பு இல்லை. காய்கறிக் கடையில் பக்கத்தில் கத்தியோடு நிற்கும் கடைக்காரரிடம் ஆற்றலும் வாய்ப்பும் இருக்கின்றன, நோக்கம் இல்லை.

தூரம் என்பதும் நாம் நினைப்பதுபோல் இல்லை. சால்ட் லேக் சிட்டி காவல்துறையின் டென்னிஸ் டுவெல்லர் 1983-ல் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோடு ஓடிவரும் சராசரி மனிதர் 21 அடியைச் சுமார் ஒன்றரை நொடியில் கடந்துவிடுகிறார். பயிற்சி பெற்ற ஒருவர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் ஏறத்தாழ அதே நேரம் ஆகிறது என்பதே அதன் சாரம். எதிராளி பக்கத்தில் வரும்வரை காத்திருந்தால் பிந்திவிடும் என்று எச்சரிக்கத்தான் அவர் எழுதினார். நாளடைவில் அதையே பலர், 21 அடிக்குள் கத்தியோடு எவர் வந்தாலும் சுடலாம் என்ற விதியாக்கிவிட்டார்கள். எந்தச் சட்டத்திலும் அப்படி ஒரு விதி இல்லை.

காட்டினால் குற்றம், சுட்டால் தற்காப்பா?

சுடுவதற்கு முன்னால் பல படிகள் இருக்கின்றன. "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று வாயால் சொல்வது. சட்டையைச் சற்று தூக்கி உறையைக் காட்டுவது. கையைப் பிடியின் மேல் வைப்பது. வெளியே எடுத்துத் தரையைப் பார்த்துப் பிடிப்பது. நெஞ்சை நோக்கி நீட்டுவது. இந்தப் படிகளில் எது எந்தச் சூழ்நிலையில் குற்றம், எது தற்காப்பு என்பதில்தான் அமெரிக்கச் சட்டம் குழம்பிக் கிடக்கிறது. துப்பாக்கியைக் கோபமாகவோ மிரட்டலாகவோ வெளிக்காட்டுவது பல மாநிலங்களில் தனிக் குற்றம். ஒருவரை நோக்கி நீட்டினால் அது ஆயுதத் தாக்குதல் என்ற கடுங்குற்றமாகவே பதிவாகும். குண்டு வெளியேற வேண்டிய அவசியம் இல்லை.

மரீசா அலெக்சாண்டரின் வழக்கு இந்தக் குழப்பத்தின் கோரமான முகம். ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரத்துப் பெண். உரிமம் பெற்ற துப்பாக்கி அவரிடம் இருந்தது. கணவரின் அடிதடிக்காக முன்னமே நீதிமன்றத் தடையுத்தரவும் வாங்கியிருந்தார். 2010 ஆகஸ்ட் 1 அன்று, அவருக்குக் குழந்தை பிறந்து ஒன்பது நாள். மறுபடி சண்டை. கார் நிறுத்தும் அறைக்கு ஓடினார். அதன் வெளிக்கதவு திறக்கவில்லை என்பது அவர் வாக்குமூலம். காரிலிருந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் திரும்பி, ஒரு முறை சுட்டார். குண்டு சுவரில் பாய்ந்தது. யாருக்கும் காயமில்லை. கணவரோடு அவருடைய பிள்ளைகளும் அங்கே நின்றிருந்தார்கள்.

பயந்தவர் திரும்பி வருவாரா என்று கேட்டு, 2005-ம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பை நீதிபதி மறுத்தார். 2012-ல் ஜூரி 12 நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னது. துப்பாக்கிக் குற்றங்களுக்கான கட்டாயத் தண்டனைச் சட்டத்தின்படி 20 ஆண்டு. ஆளைக் கொன்ற ட்ரேகாவுக்குக் கிடைத்ததும், சுவரில் சுட்ட இவருக்குக் கிடைத்ததும் ஒரே எண். தற்காப்பை நிரூபிக்கும் சுமையை அவர் தலையில் தவறாக ஏற்றிவிட்டார்கள் என்று 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மறுவிசாரணையில் இன்னும் கூடுதல் தண்டனை வரலாம் என்ற அச்சுறுத்தலுக்கு நடுவில், ஏற்கெனவே கழித்த காலத்தையும் சேர்த்து மூன்றாண்டுச் சிறைக்கான சமரசத்துக்கு அவர் ஒப்புக்கொண்டார். 2015 ஜனவரியில் வெளியே வந்தார்.

அவர் வழக்கு நடந்துகொண்டிருந்தபோதுதான் ஃபுளோரிடா தன் சட்டத்தில் இருந்த ஓட்டையைக் கவனித்தது. பலத்தைப் பயன்படுத்தியவருக்குச் சட்டம் கவசம் தந்திருந்தது. பயன்படுத்துவேன் என்று மிரட்டி நிறுத்தியவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. தற்காப்பு என்று சொல்லி ஆளைச் சுட்டவர் நீதிமன்ற வாசலையே மிதிக்காமல் போகலாம். சுடாமல் காட்டியவர் சிறைக்குப் போகலாம். 2014-ல் மிரட்டலையும் அந்தக் கவசத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஒன்பது ஆண்டுகளாக அந்த ஓட்டை அப்படியே இருந்தது என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை. ஒரு சட்டம் மனிதரைச் சுடாமல் நிறுத்தத் தூண்ட வேண்டும். இது சுட்டுவிடு, அதுதான் உனக்குப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அரிசோனா இதை முன்பே யோசித்திருந்தது. 2009-ல் அங்கே வந்த சட்டம், தற்காப்புக்காகத் துப்பாக்கியைக் காட்டுவது என்றால் என்ன என்று விவரமாகச் சொல்கிறது: தன்னிடம் இருப்பதாக வாயால் தெரிவிப்பது, பார்ப்பவருக்குப் புரியும்படி வெளிக்காட்டுவது, பையிலோ பாக்கெட்டிலோ உள்ள துப்பாக்கியின் மேல் கை வைப்பது. எதிராளி சட்டவிரோதமாகப் பலம் பிரயோகிக்கிறார் அல்லது முயல்கிறார் என்று நிதானமான ஒருவர் நம்பக்கூடிய நிலையில் இவை நியாயமே. வேண்டுமென்றே வம்பிழுத்தவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. டெக்சாஸ் சட்டமும், தேவைப்பட்டால் சுடுவேன் என்று உணர்த்தும் அளவில் மட்டும் ஆயுதத்தை எடுத்தால் அதை உயிர்பறிக்கும் பலமாகக் கருதுவதில்லை. எடுப்பதையும் சுடுவதையும் தனித்தனித் தராசில் நிறுக்கும் இந்த வழியே சரியானது என்று நான் நினைக்கிறேன்.

மிஷிகனில் இந்த வேறுபாட்டை ஜூரிக்குச் சொல்லாமல் விட்டதால் ஒரு பெண்ணின் குழந்தை சிறைக்காவலில் பிறந்தது. டெட்ராய்ட் நகரின் சிவாட்டு-சலாமா ரா, உரிமம் பெற்றவர். 2017-ல் ஒரு குடும்பத் தகராறில் இன்னொரு பெண் தன் காரால் ராவின் காரை இடித்தார். ராவின் இரண்டு வயது மகள் அந்தக் காரில் விளையாடிக்கொண்டிருந்தாள். தாயும் அருகில் நின்றிருந்தார். காரில் வைத்திருந்த துப்பாக்கியை ரா எடுத்து நீட்டினார். அதில் தோட்டா இல்லை. மற்றவர் முதலில் காவல் நிலையத்துக்குப் போனார். அவரே புகார்தாரர் ஆனார், ரா குற்றவாளிக் கூண்டில் ஏறினார். 2018 மார்ச்சில் கட்டாய இரண்டாண்டுத் தண்டனை. அப்போது அவர் கர்ப்பிணி. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-ல் தண்டனையை ரத்து செய்தது. துப்பாக்கியை நீட்டுவது உயிர்பறிக்காத பலம். அதற்குரிய குறைந்த அளவுகோலை ஜூரியிடம் விளக்கியிருக்க வேண்டும் என்றது. முதலில் தொலைபேசியை எடுத்தவரைத்தான் காவல்துறை பாதிக்கப்பட்டவராகப் பார்க்கும் என்று பயிற்சியாளர்கள் எச்சரிப்பதற்கு இதைவிட வலிமிகுந்த சாட்சி தேவையில்லை.

இதற்கு நேரெதிராக நின்றது மினசோட்டா உச்ச நீதிமன்றம். மினியாபொலிஸ் ரயில் நிலையத்தில் ஒருவர் கத்தியைக் காட்டி மிரட்ட, மற்றவர் வெட்டரிவாளை எடுத்து ஓங்கினார். யாருக்கும் காயமில்லை. பிளெவின்ஸ் என்ற இந்த வழக்கில் 2024 ஜூலை 31 அன்று வந்த தீர்ப்பு: விலகிப் போக வழி இருந்தால், ஆயுதத்தை எடுத்து மிரட்டுவதற்கு முன்பே விலக வேண்டும். சுடுவதற்கு முன் விலகு என்பது பழைய கடமை. எடுப்பதற்கு முன்பே விலகு என்பது புதியது. தீர்ப்பில் உடன்படாத நீதிபதிகள், தெருவில் மாட்டிக்கொண்ட பெண்ணோ பலவீனரோ பயமுறுத்தித் தப்பும் ஒரே வழியையும் இது அடைக்கிறது என்று கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையை நானும் பகிர்கிறேன். ஓடிப் பார்த்துத் தோற்ற பிறகே ஆயுதத்தைக் காட்டலாம் என்றால், ஓட முடியாதவர்கள் என்ன செய்வார்கள்?

யாருடைய பயம் நியாயம்?

சட்டம் முழுக்க "நியாயமான பயம்" என்ற இரண்டு சொற்களின் மேல் நிற்கிறது. 1984 டிசம்பர் 22 அன்று நியூயார்க் சுரங்க ரயிலில் பெர்ன்ஹார்ட் கெட்ஸ் என்பவரிடம் நான்கு கறுப்பின இளைஞர்களில் ஒருவன் ஐந்து டாலர் கேட்டான். கெட்ஸ் உரிமம் இல்லாத துப்பாக்கியை எடுத்து நால்வரையும் சுட்டார். ஒருவர் வாழ்நாள் முழுக்க முடங்கினார். முன்பு ஒரு முறை வழிப்பறிக்கு ஆளானவர் கெட்ஸ். அவர் மனத்தில் பட்டது போதாது, நியாயமானவருக்கும் அப்படிப் பட்டிருக்க வேண்டும் என்று மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1986-ல் வரையறுத்தது. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது. ஆனால் 1987-ல் ஜூரி அவரைக் கொலைமுயற்சியிலிருந்து விடுவித்தது. உரிமம் இல்லாததற்கு மட்டும் தண்டனை. 1996-ல் உரிமையியல் வழக்கில் வேறொரு ஜூரி, முடங்கிய இளைஞருக்கு 4.3 கோடி டாலர் தரச் சொன்னது. ஒரே ரயில் பெட்டி, ஒரே சில நொடிகள். நியாயம் எது என்பதில் இரண்டு ஜூரிகளுக்கு இரண்டு பதில்.

2020 ஜூன் 28. செயின்ட் லூயிஸ் நகரில், தங்கள் மாளிகை இருந்த தனியார் தெரு வழியே ஊர்வலம் போனவர்களை நோக்கி மெக்கிளாஸ்கி தம்பதி துப்பாக்கிகளை நீட்டினார்கள், இருவரும் வழக்கறிஞர்கள். மனைவியின் கைத்துப்பாக்கி வேலை செய்யாத நிலையில் இருந்தது. 2021-ல் சிறு குற்றங்களை ஒப்புக்கொண்டு, 750 டாலரும் 2,000 டாலரும் அபராதம் கட்டினார்கள். சில வாரங்களில் ஆளுநர் மன்னித்துவிட்டார். தோட்டா இல்லாத துப்பாக்கியை நீட்டிய ராவையும், சுடாத துப்பாக்கியை நீட்டிய இவர்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ரா கறுப்பினத்தவர், மெக்கிளாஸ்கிகள் வெள்ளையர்கள். மாநிலம் வேறு, சட்டம் வேறு, சூழ்நிலை வேறு என்பதெல்லாம் உண்மை. அவற்றைச் சொல்லித் தீர்த்த பிறகும் உறுத்தல் தீரவில்லை.

துப்பாக்கியை வெளிப்படையாகத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க அனுமதிக்கும் மாநிலங்களில் சிக்கல் இன்னும் ஆழம். 2020 ஜூலையில் டெக்சாஸ் தலைநகர் ஆஸ்டினில், ஊர்வலத்துக்குள் காரைத் திருப்பினார் ராணுவ வீரர் டேனியல் பெர்ரி. ஏ.கே. ரகத் துப்பாக்கியைச் சட்டப்படி மாட்டியிருந்த கேரட் ஃபாஸ்டர் காரை நெருங்கினார். பெர்ரி உள்ளிருந்தே சுட்டுக் கொன்றார். ஃபாஸ்டர் தன்னை நோக்கிக் குறிவைக்க வாய்ப்பே தர விரும்பவில்லை என்ற பொருளில் காவல்துறையிடம் பேசியிருந்தார். ஃபாஸ்டர் துப்பாக்கியை உயர்த்தினாரா இல்லையா என்பதைச் சுற்றியே விசாரணை நடந்தது. உயர்த்தவில்லை என்று நம்பிய ஜூரி 2023-ல் கொலைக் குற்றம் என்றது; 25 ஆண்டுத் தண்டனை. 2024 மே மாதத்தில் ஆளுநர் கிரெக் அபட் மன்னித்தார். இருவரும் ஆயுதம் வைத்திருந்தார்கள், இருவரிடமும் உரிமை இருந்தது, இருவருமே மற்றவரைப் பார்த்துப் பயந்திருக்கலாம். இருவர் பயமும் நியாயம் என்றால், யார் முதலில் சுடுகிறாரோ அவருக்குச் சட்டம் துணை என்றாகிவிடும். அந்த இடத்துக்கு ஒரு சமூகம் போகக் கூடாது.

பயத்தை அளக்க ஒரு கோல் வேண்டுமென்றால், அது எதிராளியின் கைகளில் இருக்க வேண்டும். கைகள் என்ன செய்கின்றன, எதை நோக்கிப் போகின்றன என்பதைப் பார்த்து வரும் பயத்துக்குத்தான் ஆயுதம் பதிலாகலாம். அவன் நிறம், உடை, குரல், அந்த வேளையில் அந்தத் தெருவில் ஏன் நிற்கிறான் என்ற சந்தேகம் இவற்றிலிருந்து வரும் பயத்தைச் சட்டம் காப்பாற்றக் கூடாது.

ஹார்வர்டின் டேவிட் ஹெமன்வே குழு 2000-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. தற்காப்புக்காகத் துப்பாக்கியைப் பயன்படுத்தினேன் என்று மக்கள் தாங்களே சொன்ன சம்பவங்களைக் குற்றவியல் நீதிபதிகளிடம் கொடுத்தார்கள். சொன்னவர் உரிமம் பெற்றவர், நடந்ததை அப்படியே சொல்கிறார் என்று வைத்துக்கொண்டு தீர்ப்பிடச் சொன்னார்கள். பெரும்பாலானவை சட்டவிரோதமாகவே இருக்கும் என்றார்கள் நீதிபதிகள். துப்பாக்கி எடுத்தவர் பார்வையிலிருந்து மட்டும் சொல்லப்பட்ட கதையே அந்த லட்சணம்.

ஃபுளோரிடாவின் 2005-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அம்மாநிலத்தில் மாதாந்தரக் கொலைகள் சுமார் 24 சதவீதமும், துப்பாக்கிக் கொலைகள் சுமார் 32 சதவீதமும் உயர்ந்ததாக மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வு கணித்தது.

சரியாக எடுத்தவர்கள்

இத்தனைக்குப் பிறகும், துப்பாக்கியை எடுத்ததால் உயிர்கள் பிழைத்த சம்பவங்களை மறைப்பது நேர்மையாகாது. 2022 ஜூலை 17 அன்று இண்டியானாவின் கிரீன்வுட் பார்க் மாலில் ஒருவன் உணவுக் கூடத்தில் சுடத் தொடங்கி மூவரைக் கொன்றான். எலிஷா டிக்கன் என்ற 22 வயது இளைஞர், சுமார் 40 கஜத் தூரத்திலிருந்து, தாக்குதல் தொடங்கிய 15 நொடிக்குள் பத்துக் குண்டுகள் சுட்டார்; எட்டு அவன் மேல் பட்டன. சுட்டபடியே பின்னாலிருந்தவர்களை வெளியேறச் சைகை காட்டினார் என்று காவல்துறை சொன்னது. ஆயூப் கேட்கச் சொன்ன மூன்று கேள்விகளுக்கும் அங்கே பதில் கண்முன்னே கிடந்தது. யோசிக்க மிச்சம் எதுவும் இல்லை.

2021 ஜூன் 21 அன்று கொலராடோவின் அர்வாடாவில் ஜானி ஹர்லிக்கும் அதே தெளிவு இருந்தது. காவலர் ஒருவரைக் கொன்றுவிட்டு நீள்துப்பாக்கியோடு திரிந்தவனை, பக்கத்துக் கடையிலிருந்து ஓடிவந்த ஹர்லி சுட்டு வீழ்த்தினார். பிறகு அந்த நீள்துப்பாக்கியைக் கையில் எடுத்தார். உதவிக்கு வந்த இன்னொரு காவலர் பார்த்தது, விழுந்து கிடக்கும் ஓர் உடலையும், துப்பாக்கியோடு நிற்கும் ஓர் ஆளையும்தான். ஹர்லியைச் சுட்டுவிட்டார். சரியான காரணத்துக்காக, சரியான நொடியில் எடுத்தவருக்கும், அடுத்து வருபவருக்குத் தன்னை அடையாளம் காட்ட வழியில்லை. துப்பாக்கி விற்பவர்கள் சொல்லும் கதைகளில் இந்தப் பகுதி வருவதே இல்லை.

நம் வீடுகளில்

டாலஸிலும் ஹூஸ்டனிலும் நியூ ஜெர்சியிலும் வேர்விட்டிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வெளியூர்ச் செய்தி இல்லை. கோயில் வாசலிலும் பிறந்தநாள் விருந்திலும், ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்ற பேச்சு வருகிறது. எச்-1பி உள்ளிட்ட தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றை நம்பி வாங்குமுன் வழக்கறிஞரைப் பார்ப்பது அவசியம். தவறினால் அது குற்ற வழக்கு, விசாவும் போகும். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

நாம் துப்பாக்கியை எடுக்கும் பக்கத்தில் மட்டும் இருக்கப்போவதும் இல்லை. 1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜில், ஹாலோவீன் விருந்துக்குப் போன 16 வயது ஜப்பானிய மாணவன் யோஷிஹிரோ ஹத்தோரி, தவறான வீட்டின் மணியை அடித்தான். விருந்துக்கு வந்திருக்கிறோம் என்று சிரித்தபடி நெருங்கியவனை, நில் என்று கத்திய வீட்டுக்காரர் சுட்டுக் கொன்றார். அந்த ஆங்கிலக் கட்டளை அவனுக்குப் புரியாமல் போயிருக்கலாம். ஜூரி வீட்டுக்காரரை விடுதலை செய்தது; பின்னர் உரிமையியல் நீதிமன்றம் சுமார் 6,50,000 டாலர் இழப்பீடு தரச் சொன்னது. வேறு உச்சரிப்பில் பேசும், தவறான கதவைத் தட்டிவிடும் பிள்ளைகள் நம் வீட்டிலும் இருக்கிறார்கள். உணவுப் பொட்டலம் கொடுக்கப் போகும் மாணவர்களும் இருக்கிறார்கள்.

உரிமம் இல்லாமல் எடுத்துச் செல்ல அனுமதித்த மாநிலங்களில் பல, உரிமத்தோடு ஒட்டியிருந்த கட்டாயப் பயிற்சி வகுப்பையும் சேர்த்து வழியனுப்பிவிட்டன. எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கவே கூடாது என்று ஒருவர் எதிரில் நின்று சொல்லிக்கொடுத்த ஒரே இடம் பெரும்பாலானவர்களுக்கு அந்த வகுப்புதான். இந்தப் பத்தாண்டில் நடந்தவற்றில் என்னை அதிகம் கலங்கவைப்பது இதுவே. துப்பாக்கியைத் தடை செய்ய வேண்டும் என்பவரும் கூடாது என்பவரும் இதிலாவது ஒன்றுசேர முடியும். அந்த வகுப்பைத் திரும்பக் கட்டாயமாக்க வேண்டும்.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல் உரிமம் தேவையில்லை. ஆனால் விரும்புவோருக்கு உரிமம் இன்னும் தரப்படுகிறது. அதற்கான நான்கிலிருந்து ஆறு மணி நேர வகுப்பும் நடக்கிறது. குறிபார்த்துச் சுடுவது அதில் ஒரு பகுதிதான். பலப்பிரயோகச் சட்டம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைப்பது, தகராறை வன்முறை இல்லாமல் தீர்ப்பது ஆகியவையும் பாடத்திட்டத்தில் உள்ளன. கடைக்குப் போய் வாங்குவது என்று முடிவெடுத்துவிட்ட நம்மவர்கள், வாங்குவதற்கு முன்பே கணவனும் மனைவியுமாக அந்த வகுப்பில் போய் உட்கார வேண்டும்.